கேட்காத விக்கெட்

அவள் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல மாட்டாள். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில், அவள் ஊர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறுவாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், ஊர் நெருங்கியதும் கதவுப் பக்கம் நகர்ந்து நிற்பாள். அவ்வளவுதான். வேறு யாராவது அங்கே இறங்கினால் இவளும் இறங்குவாள். யாரும் இறங்காவிட்டால் பஸ் நிற்காமல் போய்விடும். இவள் அடுத்த ஊரில் இறங்கி, வெண்ணாற்றங்கரையோடு திரும்பி நடந்து வருவாள்.

"ஒரு குரல் குடுத்தா என்னடி? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று நான் சத்தம் போட்டால், "கதவுகிட்ட வந்து நிக்கிறேன்ல? எறங்கத்தான் நிக்கிறேன்னு கண்டக்டருக்குத் தெரியாதா?" என்பாள்.

கொஞ்ச நாளில் கண்டக்டருக்கே பழகிவிட்டது. "அண்ணே, அந்தப் பந்து போடுற பொண்ணு எறங்கணும்" என்று டிரைவருக்குக் குரல் கொடுப்பார். நல்ல மனிதர், எங்கே இருக்கிறாரோ.

இதை வைத்து அவளை ஊமைச்சாமி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பேச ஆரம்பித்தால் நன்றாகப் பேசுவாள். எங்கள் பி.டி. சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டே திட்டுவாரே, அதை அப்படியே செய்து காட்டி எங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பாள். ஊர்க்கதை, பேய்க்கதை எல்லாம் உண்டு. ஒன்றே ஒன்றுதான் அவள் வாயில் வராது. எனக்கு இது வேண்டும், இதைக் கொடு, இதைச் செய் என்று யாரிடமும் கேட்க மாட்டாள். தாகம் எடுத்தால்கூடத் தண்ணீர் கேட்க மாட்டாள், குழாயைத் தேடிப் போவாள்.

கேபிள் டி.வி. எங்கள் தெருவுக்கு வந்த புதிது அது. பையன்கள் எல்லாரும் பேட்டும் கையுமாகத் திரிந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு மாவட்டங்களுக்கு இடையே போட்டி நடக்கப்போகிறது, தஞ்சாவூரும் ஒரு அணி அனுப்ப வேண்டும் என்று எங்கிருந்தோ உத்தரவு வந்தது. எங்கள் பி.டி. சார் ஹாக்கிக்காரர். கிரிக்கெட் பற்றி அவருக்குத் தெரிந்தது டி.வி.யில் பார்த்த அளவுதான். ஆனாலும் கோ-கோ ஆடுகிறவள், குண்டு எறிகிறவள், ஓடத் தெரிந்தவள் என்று பிடித்துப்போட்டு ஒரு அணியைத் தேற்றிவிட்டார். என்னை விக்கெட் கீப்பர் ஆக்கியதற்கு அவர் சொன்ன காரணம், "இந்த வாய் எங்கயாவது பிரயோஜனப்படட்டும்."

வாய் விஷயத்தில் அவர் சொன்னது நிஜம். எங்களுடையது லுத்தரன் குடும்பம். நான் சபைப் பாடகர் குழுவில் முன் வரிசை. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் விடிகாலை ஆராதனை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அம்மாவின் கண்டிஷன். கீப்பிங் பேடைப் பையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் கேட்ட ஒரே ஆள் எங்கள் சபையில் நானாகத்தான் இருப்பேன்.

அவள் கபடி ஆட வந்தவள். அவர்கள் ஊர் அரசுப் பள்ளியிலிருந்து வந்த கபடிக் கூட்டம் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் அடித்த பந்து ஒன்று அந்தப் பக்கம் உருண்டது. அதை எடுத்து அவள் எறிந்த எறி என் கையுறைக்குள் வந்து விழுந்தபோது உள்ளங்கை எரிந்தது. கதிர் முற்றுகிற காலத்தில் வயலில் கிளி விரட்ட மண்ணாங்கட்டி எறிந்து எறிந்து வந்த கை அது. பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் அவள் எங்கள் வேகப்பந்து வீச்சாளர்.

ஓடி வருவதற்கு முன் வலது உள்ளங்கையை இடுப்பில் ஒரு தடவை துடைத்துக்கொள்வாள். அப்புறம் அலட்டிக்கொள்ளாமல் ஓடி வந்து கையைச் சுழற்றுவாள். எங்களுக்குப் புல் பிட்ச் எல்லாம் கிடையாது. தென்னை நார்ப் பாயைத் தரையில் விரித்து ஆணி அடித்து ஆடுவோம். அந்தப் பாயில் பட்டு அவள் பந்து சட்டென்று உள்ளே திரும்பும். ஆடுகிறவள் மட்டையைக் கொண்டுவருவதற்குள் காலில் அடித்திருக்கும்.

முதல் மேட்ச் பக்கத்து மாவட்டத்தோடு. அவள் பந்து எதிரணிப் பெண்ணின் மட்டையில் உரசி என் கையில் வந்து உட்கார்ந்தது. நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். எல்லாரும் சிரித்தோம், கை தட்டினோம். ஆடிய பெண் மட்டும் அசையாமல் நின்றாள். அம்பயர் பந்து எண்ணுவதற்காகக் கையில் வைத்திருந்த கூழாங்கல் ஒன்றைப் பையில் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். அறுவடை முடிந்த வயலில் ஆடிப் பழகியவர்கள் நாங்கள். அங்கே ஏது அம்பயர்? பட்டால் போக வேண்டும், போகாவிட்டால் சண்டை. வெளியிலிருந்து பி.டி. சார், "கேளுங்க! அம்பயரைக் கேளுங்க!" என்று கத்தியது எங்களுக்குப் புரிவதற்குள் அவள் அடுத்த பந்தைப் போட்டுவிட்டாள்.

இடைவேளையில் அம்பயர் பொறுமையாக விளக்கினார். "கேட்டாத்தான்மா குடுக்க முடியும். சட்டம் அப்படி. அடுத்த பந்து போடறதுக்குள்ள கேட்டுடணும். கேக்கலன்னா, அவுட்டாவே இருந்தாலும் நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. கத்துவதற்குச் சட்டமே இடம் கொடுக்கிற ஆட்டம்! அவளோ திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். ஒரத்தநாடு தாண்டியபோதுதான் பேசினாள்:

"அவுட்டுன்னு அவருக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும், நாம கேட்டாத்தான் குடுப்பாரு."

"ஆமா."

"அப்ப எனக்கு வேணாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த மேட்சிலிருந்து தெரிந்தது. ஸ்டம்பை மறைத்த காலில் அடிப்பாள், அவுட்தான், ஆனாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடத் தொடங்கும் இடத்துக்கு நடந்துபோவாள். கேட்பது என் வேலையாயிற்று. கையைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, "ஹவ்சாட்!" என்று நான் எழுப்பும் சத்தத்தில் மைதானத்து வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறக்கும். என் குரல் வந்த பிறகுதான் மற்ற பெண்கள் சேர்ந்து கத்துவார்கள். அவள் மட்டும் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

பி.டி. சார் விடவில்லை. ஒருநாள் அவளைப் பள்ளிச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, சுவரை அம்பயராக நினைத்துக்கொண்டு கத்தச் சொன்னார். வகுப்பில் ஆஜர் சொல்வது போல "ஹவ்சாட்" என்றாள். "சத்தமா!" என்றார். இன்னொரு ஆஜர் வந்தது. "சுவத்தக்கூட உன்னால கேக்க முடியலையே!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஒருத்திக்குப் பந்து போட வருது, ஒருத்திக்குக் கத்த வருது. ரெண்டையும் சேத்துத் தச்சா ஒரு ஆள் தேறும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா, "சாப்பிடறியாம்மா?" என்பார். "இல்லீங்கம்மா, வேணாங்க." காலையிலிருந்து மைதானத்தில் ஓடியவள் சொல்கிற பதில் இது. அம்மா இரண்டு தடவை ஏமாந்தார். மூன்றாம் தடவை ஒன்றும் விசாரிக்காமல் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றினார். மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். "இவளை வேணுமான்னு கேக்கக் கூடாதுடி, போட்டுடணும்" என்று அம்மா அன்று ஒரு விதியே செய்துகொண்டார். போட்டதை மிச்சம் வைத்ததில்லை அவள். இன்னும் கொஞ்சம் என்றும் சொன்னதில்லை.

எனக்கு அவள் மேல் கோபம் வரும். அதை மறைக்க வேண்டியதில்லை. கேப்டன் பெண் பல சமயம் அவளுக்குப் பந்து கொடுக்க மறந்துபோவாள். இவள் பவுண்டரி ஓரத்தில் வெயிலில் நின்றுகொண்டே இருப்பாள். "என்னைப் போட விடு" என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். நான்தான் போய்ச் சண்டை பிடித்துப் பந்தை வாங்கிக் கொடுக்க வேண்டும். இது அடக்கமா, இல்லை நெஞ்சு கொள்ளாத திமிரா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. இரண்டும் இல்லை என்று தெரிந்தது நான் அவள் ஊருக்குப் போன அன்று.

ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்த வருஷம் அது. சம்பா நட்ட சமயம். இரண்டு வாரமாகப் பயிற்சிக்கு அவளைக் காணவில்லை என்று நான் பஸ் ஏறிப் போனேன். வரப்பில் நின்றுகொண்டிருந்தாள், முழங்கால் வரை சேறு, கையில் மண்வெட்டி. அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். அவள் அப்பாதான் முதல்முதலாகக் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தன் பயிர் என்று நட்டவர். அந்த வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் நேரே வராது. மேல் வயலில் நிறைந்து, வரப்பில் வெட்டிவிடும் வாமடை வழியாக இறங்கித்தான் வர வேண்டும். மேல் வயல் ஊரில் பெரிய வீட்டுக்காரருடையது.

மேல் வயலில் தண்ணீர் வரப்பைத் தொட்டுக்கொண்டு தளும்பியது. மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் கீழே பாயும். பெரிய வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையில் கட்டில் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் அப்பா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது, இன்னொரு பக்கம் திரும்பியது.

"தெனம் இதான்" என்றாள் அவள். "அவரு வயலு நெறஞ்சு வழியுது. கீழ இருக்கற வயலுக்குத் தண்ணி போவணும்னு அவருக்குத் தெரியாதா? எங்கப்பா போயி நின்னு, 'வாமடைய வெட்டிக்கட்டுங்களா'ன்னு கேக்கணும். அப்பத்தான் தலைய ஆட்டுவாரு. சில நாளு, நாளைக்கி வாம்பாரு."

கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற வழக்கம் எனக்கு இல்லையே. "அது வேற, கிரிக்கெட்டு வேறடி. அம்பயர் என்ன பண்ணையாரா? எல்லாருந்தான் கேக்குறாங்க, நான் கேக்கலையா?" என்றேன்.

"நீ கேப்ப. ஒங்க வீட்டுல யாரும் இப்புடி நின்னதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தனக்குச் சோறு போட்ட வீடாயிற்றே என்பது போலச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அங்கே பெரிய வீட்டுக்காரர் தலையை ஆட்டியிருக்க வேண்டும். அவள் அப்பா அங்கிருந்தே கையைக் காட்டினார். இவள் ஓங்கி ஒரே போடாக வாமடையை வெட்டினாள்.

அந்த வருஷம்தான் அவள் ஸ்டம்பை மட்டும் குறிவைத்துப் போட ஆரம்பித்தாள். நெல்லடிக்கும் களத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் அடியில் விழுகிற மாதிரி போட்டுப் போட்டுப் பழகினாளாம். பந்து மட்டைக்குக் கீழே நுழைந்து ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போகும். நான் பாராட்டினால், "ஸ்டம்பு விழுந்துட்டா யாரும் யாரையும் கேக்க வேணாம் பாரு" என்பாள். ஒரு ஆட்டத்துக்குள் தனக்கென்று வேறு ஒரு ஆட்டத்தைச் செய்துகொண்டாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எல்லா ஸ்டம்பும் விழுந்து கொடுக்குமா?

அடுத்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று, சம்பாவும் கருகியது. கேட்டாலும் கொடுக்க மேல் வயலிலேயே தண்ணீர் இல்லை. அவர்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கையில் கொஞ்சம் வசதி உள்ள வீட்டில் சிங்கப்பூர், வளைகுடா. அவளுக்கு ஒரு சித்தி திருப்பூரில் இருந்தார்.

அந்த டிசம்பர் விடுமுறையில்தான் திருச்சியில் தேர்வு ஆட்டம். சென்னையிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள், மாநில முகாமுக்குப் பெண்களை எடுப்பார்கள் என்று பி.டி. சார் சொன்னார். முகாமுக்குப் போகிற பெண்ணுக்குச் சென்னைக் கல்லூரி ஒன்றில் இடமும் ஹாஸ்டலும் நிச்சயம் என்றும் விசாரித்து வைத்திருந்தார். அவள் அப்பா கணக்கைச் சுருக்கமாக முடித்துவிட்டார்: "எடுத்தாங்கன்னா மெட்ராஸு போ. இல்லன்னா தை பொறந்ததும் சித்தியோட திருப்பூருக்குப் போ." சென்னை, இல்லாவிட்டால் திருப்பூர். அந்த ஒரு ஆட்டத்தில் இருந்தது எல்லாம்.

எனக்கோ அந்த வாரம் தொண்டை போயிருந்தது. டிசம்பரில் சபையார் நாங்கள் எல்லாரும் டிராக்டர் டிரெய்லரில் ஏறிக்கொண்டு, டிரம், கிதார், பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா சகிதம் வீடு வீடாகப் போய்க் கேரல் பாடுவோம். மார்கழிப் பனியில் ஊரெல்லாம் பாடி, கிறிஸ்துமஸ் ஆராதனையில் நான் வெறும் வாயை அசைத்துக்கொண்டு நின்றேன். மிளகுப் பால், சித்தரத்தை, கற்பூரவல்லி எதற்கும் குரல் திரும்பவில்லை. என்னைத் திட்ட நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம், அம்மா தேவையான அளவு திட்டிவிட்டார். கை இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது, கீப்பருக்குத் தொண்டை எதற்கு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எதிரணியின் தொடக்க ஆட்டக்காரி சென்னைப் பெண். அப்போதே அவள் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. தேர்வாளர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததே அவளைப் பார்க்கத்தான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு மேடம், நடுவில் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஓவரை என் தோழிதான் போட்டாள். உள்ளங்கையை இடுப்பில் துடைத்தாள், ஓடி வந்தாள். பந்து பாயில் பட்டு உள்ளே திரும்பியது. அந்தப் பெண் பின்னங்காலில் நின்றாள். மட்டை வருவதற்கு முன் பந்து அவள் காலில் அடித்தது. நேர் பின்னால் நின்ற எனக்குத் தெரியும், அந்தக் கால் அங்கே இல்லாவிட்டால் நடு ஸ்டம்ப் இருந்திருக்காது.

நான் துள்ளி எழுந்து, கையைத் தூக்கி, வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மற்றவர்கள் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். பாட்டை எடுத்துக் கொடுக்க ஆள் வராத பஜனை போல மைதானம் சும்மா இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் வாய் திறந்திருப்பதையும் சத்தம் வராததையும் பார்த்தாள். பிறகு, நான் பார்த்து முதல்முறையாக, திரும்பி அம்பயரை நேருக்கு நேர் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். அவர் கை லேசாக அசைந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். கேட்டுவிடு, ஒரு வார்த்தை, ஆஜர் மாதிரியாவது சொல்லிவிடு என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் கண்ணிலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பந்தை வாங்கிக்கொண்டு நடந்துபோனாள். அடுத்த பந்தைப் போட்டாள்.

ஓவர் முடிந்ததும் நான் கேப்டனிடம் கையைக் காலை ஆட்டி விஷயத்தைப் புரியவைத்தேன். அவள் எல்லாரையும் கத்தச் சொன்னாள். அவர்களும் கத்தினார்கள், எதற்கென்றில்லாமல் எல்லாவற்றுக்கும். மட்டையில் பட்டதற்கும் கத்தினார்கள், காலுக்கு வெளியே போனதற்கும் கத்தினார்கள். அம்பயர் எரிச்சலாகி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மற்ற பெண்களின் ஸ்டம்புகளைச் சாய்த்தாள். ஆனால் அந்தச் சென்னைப் பெண் ஸ்டம்பைக் கொடுக்கிற ஆளா? கடைசி வரை நின்று ஆடினாள். என் தோழியின் பந்துகளையும்தான் அடித்தாள். தேர்வாளர்கள் பார்த்தது அதைத்தான்.

சாயங்காலம் பெயர்களைப் படித்தார்கள். எங்கள் அணியில் யாருமில்லை. அதோடு முடிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்த மேடம் எழுந்து, "ஒரு பவுலர் இடம் மட்டும் இன்னும் முடிவு பண்ணல. இன்னொரு தடவ போட்டுக் காட்டணும்னு நெனைக்கிற பொண்ணுங்க வந்து கேளுங்க. கொஞ்ச நேரம் இங்கதான் இருப்போம்" என்றார்.

நான் ஓடினேன். அவள் மரத்தடியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். பி.டி. சார் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்யப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்.

"காலைலேந்து போட்டேன்ல? பாத்துக்கிட்டுத்தானே ஒக்காந்திருந்தாங்க?" என்றாள். "பாத்தவங்களுக்குத் தெரியாதா?"

திருப்பூர், திருப்பூர் என்று உதட்டை மட்டும் அசைத்தேன். எனக்கு அழுகை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சரி, நானே கேட்கிறேன் என்று மேடத்திடம் போய், மரத்தைக் காட்டினேன், பந்து போடுவது போலக் கையைச் சுற்றினேன், என் கையுறையால் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "கீப்பர் எடுத்தாச்சேம்மா. அடுத்த வருஷம் நல்லா ஆடு" என்றார். அதற்குள் வேறு மாவட்டத்துப் பெண் ஒருத்தி, "மேடம், நான் போடட்டுமா?" என்று முன்னால் வந்து நின்றாள். அவளை எடுத்துக்கொண்டார்கள்.

பொங்கல் கழித்து, கரும்பும் கையுமாக அவள் ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் அவள் அப்பா மட்டும் இருந்தார். "நேத்தே கெளம்பிட்டாம்மா" என்றார். வழியனுப்ப வா என்று சொல்லியனுப்புவதும் ஒருவகையில் கேட்பதுதானே. அதையும் அவள் செய்யவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளை வாய்க்கு வந்தபடி மனசுக்குள் திட்டினேன். இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் எனக்குக் கல்லூரி, சென்னையில் ஒரு கம்பெனி வேலை, கல்யாணம் என்று ஓடிவிட்டது. ஆட்டத்தை முழுதாக விட முடியவில்லை. முழங்கால் மக்கர் செய்தபோது அம்பயர் பரீட்சை எழுதினேன். "வாயே ஓயாத ஒனக்கு, வாயைத் தொறக்காம நிக்கிற வேலையா!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். முதல் சில வருஷம் கஷ்டமாகத்தான் இருந்தது. கண்ணெதிரே அவுட், யாரும் கேட்கவில்லை, நான் கூழாங்கல்லை உருட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் அவள் ஞாபகம் வரும்.

போன வருஷம் பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்களின் போட்டிக்கு அம்பயராகத் தஞ்சாவூருக்கே போனேன். என்ன கூட்டம்! சக்கரம் வைத்த கிட் பை, மடக்கு நாற்காலியில் அப்பாக்கள், மகள் ஆடுவதை போனில் படமெடுக்கும் அம்மாக்கள். மேலே போக ஏணி வைத்த மாதிரி வரிசையாகப் போட்டிகள். பெண்கள் கிரிக்கெட்டை வேலையைப் போட்டுவிட்டு டி.வி.யில் பார்க்கிற காலமாகிவிட்டது.

திருப்பூர் அணியில் ஒல்லியாக ஒரு வேகப்பந்து வீச்சாளர். ஓடத் தொடங்கும் முன் வலது உள்ளங்கையை இடுப்பில் துடைத்தாள். பந்து உள்ளே திரும்பி ஆடுகிறவளின் காலில் அடித்தது. உடனே அந்தக் குட்டிப் பெண் என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடக்கி, "ஹவ்சாட்!" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள். நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"நாட் அவுட்."

"ஏன் மேடம்?"

"லெக் ஸ்டம்புக்கு வெளிய விழுந்துச்சு."

"எவ்ளோ வெளிய மேடம்?"

"போய்ப் பந்து போடும்மா."

காலை முழுக்க இதே கதைதான். காலில் பட்டால் கேட்டாள், தொடையில் பட்டால் கேட்டாள், மட்டையே தொடாமல் போனதற்கும் கேட்டாள். ஒன்றுகூட அவுட் இல்லை. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில் நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி, டிபன் கேரியரோடு ஒரு பெண் வந்து நின்றாள். கூப்பிடவில்லை. பஸ்ஸில் கதவுப் பக்கம் நகர்ந்து நிற்பாளே, அதே நிற்பு. நான் பார்க்கும்வரை நின்றாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தது, காதோரம் நரை.

"ஏன்டி, கூப்பிட்டா என்ன?" என்று கத்திக்கொண்டே எழுந்து கட்டிக்கொண்டேன்.

"ஒன்னைத்தான் பாக்க வந்து நிக்கிறேன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள்.

பனியன் கம்பெனியில் கைமடியாக, டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, டெய்லராகி, இப்போது சொந்தமாகவே நாலைந்து மெஷின் போட்டிருக்கிறாள். அப்பாவையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம். கேரியரைத் திறந்து, வேண்டுமா என்று விசாரிக்காமல் தட்டில் சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றினாள். நானும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டேன்.

"எப்புடிக் கத்துறா பாத்தியா? ஒன்ன மாதிரியே" என்றாள். "வீட்டுலயும் இப்புடித்தான். அதக் குடு, இத வாங்கிக் குடு, அங்க கூட்டிட்டுப் போன்னு நச்சரிச்சுக்கிட்டே இருப்பா. எங்க வீட்டுக்காரரு திட்டுவாரு. நான் திட்ட விட மாட்டேன்."

"ஒண்ணுகூட அவுட் இல்லடி."

"தெரியும், நானுந்தான் பாத்தேனே. பட்டதெல்லாம் வெளியதான் போச்சு." அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "இருந்தாலும் எப்புடிக் கேட்டா பாரு!"

ஆட்டம் தொடங்க நேரமாகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

அப்படியே நின்றுவிட்டேன். அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே கிடையாது. மகளுக்காகத்தான் இருக்கும், மாநில அணிக்கு ஆள் எடுக்கிற நேரம், யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லச் சொல்வாள் என்று நினைத்தேன். அப்படிச் சொல்வது ஒரு அம்பயர் செய்யக் கூடாத காரியம். ஆனாலும் யாரிடம் பேசலாம் என்று அதற்குள் மனது ஆட்களைத் தேடத் தொடங்கிவிட்டது.

"கேளுடி."

உள்ளங்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

"திருச்சில, மொத ஓவர்ல, அந்த மெட்ராஸ்காரி கால்ல பட்டுச்சே."

"ஆமா."

என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். அப்புறம் நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"அவுட்டுங்களா?"

அடுத்த பந்து போடுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நடுவில் எத்தனை வருஷம் போய்விட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்குப் போலவே காற்றுதான் வந்தது. மைதானத்தின் நடுவில் நிற்பது போல நிமிர்ந்து நின்று, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரலை உயர்த்தினேன்.

விரலை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் அப்புடித்தான் நெனச்சேன்" என்றாள்.

மைதானத்திலிருந்து அவள் மகள், "அம்மா, தண்ணி!" என்று கத்தினாள். "இந்தா வர்றேன்டி" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள்.